ஒரே ஓவனில் மாவும் மால்ட்டும்

வீட்டில் பீர் காய்ச்சும் என் திறமை முதல் இரண்டு தடவையிலேயே ஊருக்குத் தெரிந்துவிட்டது. முதல் பீர் தண்ணீர் மாதிரி வந்தது. இரண்டாவது பாகு. பக்கத்து வீட்டு நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இருமலுக்கு நல்லதுடா" என்றார். மூன்றாவதும் சொதப்பினால் கராஜில் இருக்கிற பானை, குழாய், பாட்டில் எல்லாம் வெளியே போகும் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

விஷயம் சின்னதுதான். உடைத்த மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அது முழுக்கச் சூடு நூற்றைம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே நிற்க வேண்டும். குறைந்தால் தண்ணீர், கூடினால் பாகு. அடுப்பை ஏற்றி இறக்கி இரண்டையும் நானே நிரூபித்திருந்தேன். எங்கோ இருக்கிற டேட்டா சென்டர் சூடாகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மூன்றாம் முறை, நியூ ஜெர்சி ஜனவரி. பானையை இறக்கி மூடி வைத்தேன். மூடியைத் திறந்து பார்க்கப் பார்க்கச் சூடு இறங்கியது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. அப்போதுதான் ஓவன் கண்ணில் பட்டது. அதன் பட்டன் மேல் மனைவி ஒட்டிய சீட்டு: "மாவு உள்ளே. ஆன் பண்ணாதே." பீட்சாவுக்காக ஓவனைப் போட்டு, உள்ளே இருந்த இட்லி மாவை ஒருமுறை சுட்டெடுத்தவன் நான் என்பதால் இந்த ஏற்பாடு. உள்ளே எரியும் விளக்கின் இளஞ்சூட்டில், மறுநாள் காலை விருந்துக்கான மாவு புளித்துக்கொண்டிருந்தது.

இந்த முறை சீட்டை மதித்தேன். மாவுப் பாத்திரத்தை வெளியே எடுத்து, குளிரக் கூடாதே என்று என் பனி ஜாக்கெட்டைப் போர்த்தி ஜிப்பையும் இழுத்துவிட்டேன். ஓவனைக் கொஞ்சம் சூடாக்கி, அணைத்து, பானையை உள்ளே தள்ளினேன்.

கடைக்குப் போயிருந்த மனைவியும் மகளும் திரும்பினார்கள்.

"என்னங்க, என் மாவு எங்க?"

"அதோ, ஜாக்கெட் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு."

மகள் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். "அம்மா, இட் லுக்ஸ் லைக் அப்பா."

"அப்போ ஓவன்ல?"

"பீர்."

"நாளைக்கு எட்டு பேர் இட்லிக்கு வர்றாங்க. ஆளுக்கு ஒரு டம்ளர் பீர் ஊத்தட்டுமா?" என்றபடி ஓவன் கதவில் கை வைத்தாள்.

"திறக்காதே!" என்று கத்திவிட்டேன். மகள் பிறந்த அன்றுகூட நான் அப்படிப் பதறவில்லை என்று மனைவி இன்றுவரை சொல்கிறாள். ஆனால் கையை எடுத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தபோது நூற்றைம்பத்தொன்று. ஒரே ஒரு டிகிரிதான் போயிருந்தது. மாவு பொங்கவேயில்லை. மறுநாள் எட்டு பேரும் உப்புமா சாப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மனைவி விளக்கமாகவே சொன்னாள்.

சில வாரங்கள் கழித்து முதல் கிளாஸை அவளிடம்தான் நீட்டினேன். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய்.

"சரி, கராஜ்ல இருக்கட்டும். ஆனா மாவு ஆட்டுற வாரம் காய்ச்சக் கூடாது."

எங்கள் வீட்டில் மாவு ஆட்டாத வாரம் எது என்று நான் கேட்கவில்லை. கிளாஸ் என் கைக்குத் திரும்பி வரவும் இல்லை.