கல்வராயன் மலையில் ஆறாம் எண் பை

மின்சார வண்டி மோட்டாருக்கு வேண்டிய அருமண் தனிமங்கள் நம் மலைகளில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஓர் ஆய்வுக்காகப் போன தை மாதம் கல்வராயன் மலைக்குப் போனேன். ஓடை வண்டல் அள்ளி வருவது என் வேலை. பணம் தருவது யார் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்கெதற்கு?" என்றார் மேலே இருப்பவர். அப்போதே எனக்குச் சந்தேகம்.

கள்ளக்குறிச்சியில் காலை 5.40-க்குப் பேருந்து. வளைவுக்கு வளைவு வயிறு புரளும். நிறையத் தின்றுவிட்டு ஏறாதீர்கள். வெள்ளிமலையில் இறங்கியபோது மணி 7.25. அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டருக்கு ஜீப், காத்திருப்போடு 1,800 ரூபாய். டிரைவர் ஏழுமலை, நான் குறைத்துக் கேட்ட தொகைக்கு உடனே தலையாட்டிவிட்டார். இப்படிப்பட்ட டிரைவர்களை நான் நம்புவதில்லை.

"மண்ண எடுத்துக்கினு போயி இன்னா மேடம் பண்ணுவீங்க?"

"சோதனை பண்ணி, என்ன இருக்குன்னு எழுதுவோம்."

"இருந்தா?"

எனக்கும் தெரியாது.

ஆறாவது இடம், சின்னப்பொண்ணு என்பவரின் சாமை நிலத்தை ஒட்டிய ஓடை. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடை யாருக்கும் சொந்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். வண்டலைச் சலித்துத் துணிப்பையில் கட்டி, எண் எழுதி, அவர் வீட்டு முன் பாறையில் மற்ற பைகளோடு காயவைத்தேன்.

"நான் பாத்துக்கிறேன், நீங்க போயி துன்னுட்டு வாங்க" என்றார்.

குறிப்பிட்ட சில இடங்களில் இரண்டு தடவை அள்ளி, இரண்டாவதைத் தனியாக வைப்பது எங்கள் வழக்கம். எங்களை நாங்களே நம்பாததால் வந்த வழக்கம் அது. ஆறாம் இடத்தின் இரண்டாவது பை என் முதுகுப்பையில் இருந்தது. சாப்பிட்டு வந்து இரண்டையும் பிரித்தேன். என்னிடம் இருந்தது செம்பழுப்பு வண்டல். பாறையில் காய்ந்தது கறுப்பு மணல்.

நேரே ஏழுமலையிடம் போய்ப் பாய்ந்தேன். "நான் எதுக்குங்க தொடப்போறேன்?" என்றார். முகம் சுண்டிவிட்டது.

"அந்தாள ஏன் கேக்குறீங்க? நாந்தான் மாத்துனேன்" என்றார் சின்னப்பொண்ணு. "எங்க மாமனார் காலத்துல யாரோ வந்து மேட்டுப் பாறையில நம்பர் போட்டாங்க. அப்புறம் அந்தப் பக்கம் மாட்டக்கூட வுடல. எனக்கு இருக்கிறதே இந்த ஒரு துண்டு நெலந்தான். ஓடத் திருப்பத்துல கெடக்கிற கருமணலு, புல்லுகூட மொளைக்காது. ஒண்ணுத்துக்கும் ஒதவாத எடம்னு எழுதிக்கினு போயிடுவீங்கன்னு பாத்தேன்."

நாங்கள் தேடும் கனமான தாதுக்கள் சேர்வதே அந்தக் கருமணலில்தான். அந்தப் பை போயிருந்தால், மலையிலேயே முதலில் தோண்ட வேண்டிய இடமென்று அவர் நிலத்தின் பெயர்தான் வந்திருக்கும். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இப்டிச் சொன்னா நல்ல மண்ண நானே எடுத்துக் குடுப்பேன்னு பாக்கிறீங்களா? ரெண்டையும் கொட்டுங்க."

கொட்டினேன். பையை வாங்கி உள்புறம் வெளியே வரத் திருப்பி உதறினார். குறிப்புத்தாளில் ஆறாம் எண்ணுக்கு நேரே, "நிலத்துக்காரர் சம்மதிக்கவில்லை, மண் எடுக்கவில்லை" என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அதையும் நம்பாமல் தாளை ஏழுமலையிடம் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொன்னார். ஏழுமலை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தபிறகுதான் வீட்டுக்குள் போனார். ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம்" என்றார்.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: மாலை 4.15 பேருந்தைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் இரண்டு லிட்டராவது வேண்டும். ஓடையில் இறங்கும் முன் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல, கேட்டால் வேண்டாம் என்பார் என்று அவர் வரப்பில் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.