அனுமதிப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தவர்

பேனாவைக் காதில் செருகி, கதிரையைப் பின்னுக்குச் சாய்த்து, முள்ளியவளைத் தெருவில் போகிறவர்களை மாடி யன்னலால் எடைபோடுகிறாள் நிஹ்லா. ஒரு பொத்தானுக்கு ஆள் வேண்டும்.

விதைநெல் சங்கமொன்றுக்காக அவள் திருத்தி எழுதும் மென்பொருளின் திரை உச்சியில் ரிப்பன் என்று ஒரு பட்டை. அதில் பதினொரு பொத்தான்கள். முன்பு அத்தனை பொத்தான்களின் வேலையையும் கூட்டாளி சதீஸ் ஒரே கோப்பில் நாலாயிரம் வரிகளாக எழுதியிருந்தான். ஒன்று இடறினால் முழுத் திரையும் மூடிக்கொள்ளும். நிஹ்லா ஒவ்வொரு பொத்தானின் கட்டளையையும் அதற்கென்று தனித்து எழுதிய ஒரு நிரல்துண்டுக்கு, 'கிளாஸ்' என்பார்களே அதற்கு, திருப்பிவிட்டாள்.

"பொத்தான் மணி அடிச்சாக் காணும். ஆர் எழும்பி வாறதெண்டு அதுக்கு என்னத்துக்கு?" என்றாள் சதீஸிடம்.

ஒப்படைக்கும்வரை அந்தக் கிளாஸ்களுக்கு ஊராரின் பெயர்கள்தான். 'தேடு' பொத்தானுக்குப் பின்னால் றம்லா மாமி. எவர் வீட்டில் என்ன கறி என்பதைக் குசினிக்குள் போகாமலே கண்டுபிடிப்பவர். 'நீக்கு' தம்பி அஸ்வர். சட்டியில் தடயமே வைக்கமாட்டான். 'அனுமதி' சங்க முகாமையாளர் ஐயாத்துரை. ஒரு கடிதம் அவர் மேசையில் மூன்று கிழமை படுத்திருக்கும். கையெழுத்தோடு திகதி போடமாட்டார்; சுணக்கம் தெரிந்துவிடுமே.

சதீஸுக்கு இந்தப் பிரிப்பில் நம்பிக்கையில்லை. எதைக் காட்டினாலும் "பாப்பம், பாப்பம்" என்பான். கடைசியில் கெடு வைத்தான்: "வெள்ளிக்கிழமை ஐயாத்துரையர் ஏற்றுக் கையெழுத்துப் போடாட்டி, என்ர பழைய கோப்புத்தான் போகும்."

வெள்ளிக்கிழமை காலை நிஹ்லா பெயர்களை மாற்றினாள். பத்தை மாற்றினாள். பதினொன்றையும் மாற்றியதாக நினைத்துக்கொண்டாள்.

ஐயாத்துரை வந்து அமர்ந்து ஒரு படிவத்தை நிரப்பினார். வழக்கப்படி திகதிக் கட்டத்தை வெறுமையாக விட்டார். 'அனுமதி'யை அமத்தினார். நடுத்திரையில் பிழைப் பெட்டி எழும்பியது: 'ஐயாத்துரை வேலை செய்யவில்லை.'

ஐயாத்துரை அந்தப் பெயரில் விரலை வைத்தார்.

"பிள்ளை, இது ஆர்?"

"அனுமதி குடுக்கிற ஆள், சேர்."

"வேலை செய்யேல்லையெண்டு கிடக்கு."

"திகதி போடேல்லை, சேர். அதுதான் அவர் படுத்திட்டார்."

சதீஸ் தண்ணீர்ப் போத்தலை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"மற்ற ஆக்கள் ஒருத்தரும் படுக்கேல்லை. அமத்திப் பாருங்கோ," என்றாள் நிஹ்லா.

அவர் 'தேடு'வை அமத்தினார். விசுவமடு விவசாயிகளின் பட்டியல் வந்து நின்றது. 'அச்சிடு'வை அமத்தினார், கடதாசி வெளியே நீண்டது. திரை மூடவில்லை. அதற்குள் நிஹ்லா மற்றக் கணினியில் அந்த ஒரு கிளாஸை மட்டும் திறந்து, திகதி இல்லாவிட்டால் கேட்கும்படி நாலு வரி சேர்த்துவிட்டாள். திருத்தியதை அவர் முன்னிருந்த கணினிக்கு மாற்றினாள். மீண்டும் அமத்தினார். 'திகதியை இடவும்' என்றது திரை. இட்டார். அனுமதி கிடைத்தது.

ஐயாத்துரை சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து ஏற்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஒரு கணம் நிஹ்லாவைப் பார்த்துவிட்டு, கீழே திகதியையும் போட்டார்.

"இப்ப என்ன சொல்லுறியள், சதீஸ்?" நிஹ்லா கேட்டாள்.

"பாப்பம்," என்றான் அவன்.

அவள் திரைப்பக்கம் திரும்பினாள். 'அனுமதி' கிளாஸின் தலையிலிருந்த ஐயாத்துரையின் பெயரை அழித்தாள். அந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக, சதீஸுக்குத் தெரியும்படி, 'சதீஸ்' என்று தட்டினாள்.