மிஷின் நின்றதற்கு நான் காரணமில்லை

எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய இந்த ஒரு வருடமாக, போடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எந்தப் போஸ்டரையும் நான் விட்டதில்லை. பல்பொடி விளம்பரம்கூட எனக்குத் தின்பண்டம் மாதிரிதான். போன செவ்வாய்க்கிழமை ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அப்படித்தான் ஆசையாகப் படிக்க ஆரம்பித்தேன். த, ன, ல என்று நகர்ந்து, ‘சிலமலை’ என்ற ஊர்ப் பெயருக்கு வந்தபோதுதான் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். தலை நரைத்திருந்தது. ஆனால் தனலட்சுமிதான்.

கீழே ‘சாந்தமே உருவானவர்’ என்று போட்டிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், அது பொய். செத்தவர்களைப் பற்றித்தானே என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அதனால் எழுபத்தாறு வயதில், நாளுக்கு நாலு வரியாக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், போடியில் ஏலக்காய் ஏலம் நடத்தும் ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஒரு பெரிய மிஷின், அதிலிருந்து வயர் இழுத்து எட்டுத் திரை. ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு சரக்குக் குவியலுக்கும், அதாவது லாட்டுக்கும், ஒரு ஃபைல். அந்த அறையைத் திறந்து பெருக்கி ஏ.சி. போடுவது என் வேலை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை மிஷின் உறைந்து நின்றுவிடும். அணைத்துப் போட்டால் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். மிஷினில் குறையே இல்லை என்று அதை விற்ற மெட்ராஸ் கம்பெனி சாதித்தது. அப்படியானால் யாரிடம் குறை? மேனேஜர் என்னைக் கண்டுபிடித்தார்.

“ஒண்ணுமில்லப்பா, ஒரு கைநாட்டு வை. சோலி முடிஞ்சுது” என்று மைப்பெட்டியைத் தள்ளினார். என் விரல் மையில் பட்டுவிட்டது. கம்பெனி அனுப்பியிருந்த இன்ஜினீயர் பெண், அன்று காலையில்தான் பஸ்சிலிருந்து இறங்கியவர், அந்தக் காகிதத்தை இழுத்துக்கொண்டார். அவர்தான் தனலட்சுமி.

“அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?”

“தெரியாது தாயி.”

“நீங்க சுவிட்சை அமத்தி அமத்தி மிஷினைக் கெடுத்தீங்களாம். வேலையை விட்டுப் போகச் சம்மதமாம்.”

மேனேஜர் சிரித்தார். “எழுத்து வாசனை இல்லாத ஆளும்மா. தெரியாமத் தொட்டிருப்பான்.”

“எழுத்துத் தெரிஞ்ச எட்டுப் பேரு நாள் பூரா தொடுறீங்களே சார், அதை யாரு எழுதுறது?”

அந்த வேலை போனால் எனக்கு வேறு வழியில்லை. எழுபதுகளில் மலைமேல் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டி, இடுப்பு போய், அங்கே வந்து சேர்ந்தவன் நான்.

தனலட்சுமி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். “என்ன பாத்தீங்க, சொல்லுங்க.”

“எனக்கு என்ன தாயி தெரியும்?”

“படிக்கத்தானே தெரியாது. காது கேக்கும்ல?”

கேட்கும். ஒருவர் வைத்திருக்கும் ஃபைலை இன்னொருவர் கேட்டால், அது கிடைக்காது என்று திரை ‘டிங்’ என்று சத்தம் போடும். “டிங் ஜாஸ்தியான வாரத்துல மிஷின் வெரசா நின்னுருது” என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு விளக்கினார். மிஷினின் அடி மூலப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். ஒரு ஃபைலை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது எண்ணிக்கை வைக்கும். பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். எண்ணிக்கை பூஜ்யமானால்தான் ஃபைலுக்குக் கொடுத்த இடத்தைக் காலி செய்யும். ஏதோ காலியாகாமல் சேர்ந்து சேர்ந்து இடமே இல்லாமல் போகிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜீப்பில் நான் அதைத்தான் செய்தேன். காலையில் எஸ்டேட்டுக்கு ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவேன். சாயங்காலம் ஒவ்வொருவரும் ஏறும்போது ஒன்றை எடுப்பேன். டப்பா காலியாகாமல் வண்டியை எடுப்பதில்லை. ஒரு நாள் ஒரு கொட்டை மிச்சம். மெட்டில் சாரலில் நின்றோம். “ஏண்டாப்பா, கொட்டை முளைக்கட்டும்னு காத்திருக்கியா?” என்று பெண்கள் ஏசினார்கள். விசாரித்தால், காய்ச்சலோடு வந்த ஒருத்தியை ‘இன்னைக்கு வேலை இல்லை’ என்று காலையிலேயே கேட்டில் திருப்பி விட்டிருக்கிறார்கள். அவள் நடந்தே இறங்கிவிட்டாள்.

“வேலை பாத்தவுக கொட்டையெல்லாம் சரியா எடுத்தேன் தாயி. திருப்பி விட்டவ கொட்டையை எடுக்க யாருக்கும் தோணல.”

தனலட்சுமி எழுந்தே விட்டார். பெட்டியிலிருந்த புரோகிராம் காகிதக் கட்டைத் தரையில் விரித்து, இரண்டு நாள் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். கெர்னல் முதலில் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, பிறகுதான் ஃபைல் கிடைக்குமா என்று பார்த்தது. கிடைத்தவர் போகும்போது குறைத்தது. ‘டிங்’ வாங்கித் திரும்பியவருக்குக் குறைக்கவில்லை.

அதைத் திருத்தப் போவதாக அவர் சொன்னதும், கம்பெனி அதிகாரியின் சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. “போடியில உக்காந்துக்கிட்டு எங்க கெர்னல்ல கை வைப்பியா?”

“தப்பு மெட்ராஸ்ல இருந்து பஸ்சேறி வரலாம், திருத்தம் போடியில இருந்து வரக் கூடாதா சார்?”

கெர்னலில் அவர் சேர்த்தது இரண்டே வரி. எட்டுப் பேரையும் உட்காரவைத்து, வேண்டுமென்றே கிடைக்காத ஃபைல்களைக் கேட்கச் சொன்னார். அறை முழுக்க டிங் டிங். மிஷின் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்தும் நிற்கவில்லை.

‘மிஷின் சீராக இயங்குகிறது’ என்று மட்டும் அறிக்கை எழுதச் சொன்னது கம்பெனி. அவர் மறுத்தார். “மிஷின் சரியாயிருச்சுல்ல, விடு தாயி” என்றேன் நான். என் மேலேயே பாய்ந்தார். “மிஷின் சரியானாப் போதுமா? பழி உங்க பேருல நிக்குதே, அதை யாரு எறக்குறது?”

கோளாறு கெர்னலில்தான், பணியாளர் மேல் தவறில்லை என்று எழுதினார். எல்லோரையும் கூட்டி வைத்து மேனேஜரையே அதை வாசிக்க வைத்தார். அதற்குப் பிறகு கம்பெனி அவரைப் போடிக்கு அனுப்பவில்லை. அந்த வருடம் பதவி உயர்வும் கொடுக்கவில்லையாம். திருவிழாவுக்குச் சொந்த ஊரான சிலமலைக்கு வந்தபோது கேட்டேன். “போனாப் போகுதுண்ணே. வாசிக்கும்போது அந்தாளு மூஞ்சியப் பாத்தீங்கள்ல?” என்று சிரித்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொண்டது அந்தக் கோபத்தைத்தான். போன மாதம் ரேஷன் கடையில், மூட்டை குறைந்ததற்கு எடை போடும் பெண் மீது ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி, சத்தமாக வாசித்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்வரை வாசித்தேன். “பெருசு, உமக்கு எதுக்கு இந்தச் சோலி? சும்மா இரும்” என்றார் கடைக்காரர்.

இருக்க மாட்டேன்.