தலைக்குள் ஓடிய கடிகாரம்

குடிக்காத ஒரு மனிதரைக் குடிகாரர் என்று எழுதிக் கொடுத்து வேலையிலிருந்து அனுப்பினேன். அவர் வாயில் வாடை இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும்.

போடிக்கு மேலே ஓர் ஏலத் தோட்டத்தில் அப்போது நான் மேனேஜர். பட்டம் படித்தவன் என்ற மிதப்பு வேறு. அவர் ஸ்டோர்க்காரர். பச்சை ஏலக்காயைப் பரப்பி விறகுச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்போம். சூடு ஒரே நிதானமாக இருக்க வேண்டும்; ஏறினால் காயின் பச்சை போய்விடும். அறுவடை மாதங்களில் அடுப்பு அணையாது. அவருக்கும் இன்னொருவருக்கும் மூன்று நாளைக்கு ஒருமுறை பகலும் இரவும் மாறும்படி முறை போட்டது நான். காகிதத்தில் அது அழகாக இருந்தது.

ஒருநாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். “சார், ஒரு மாசத்துக்காச்சும் ஒரே முறையில விடுங்க. படுத்தா தூக்கம் வரல, நின்னா கண்ணு சொருகுது. விறகு போட்டேனா இல்லையான்னே மறந்துபோகுது.”

“ஏன்யா, ஒன் தலைக்குள்ள கடிகாரமா ஓடுது?” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்த வாரமே, போட்டதை மறந்து மறுபடியும் விறகு போட்டுவிட்டு, அடுப்படியில் அசந்துவிட்டார். சூடு ஏறி, ஒரு லோடு காய் பழுத்த இலைபோல் மஞ்சளாகிப்போனது. முதலாளி காரணம் கேட்டார். முறை போட்டது நான் என்று சொல்ல வாய் வரவில்லை. ‘குடித்துவிட்டுத் தூங்கினார்’ என்று எழுதி, காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். அந்த வரிசையில் அவர் மனைவியும் நின்றிருந்தார்.

என் மகள் மூளை ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஊருக்கு வந்தவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். மூளையில் நரம்புச் செல்களை ஒட்டியே துணைச் செல்கள் இருக்கின்றனவாம். சர்க்கரையைச் சேமித்து வைத்து, நரம்புச் செல்லுக்கு வேலை கூடும்போது அதற்கேற்ற தீனியாக மாற்றிக் கொடுப்பவை. அவற்றுக்குள்ளும் இரவு பகலை அளக்கும் ஒரு கடிகாரம் உண்டு. எப்போது சேமிப்பது, எப்போது செலவழிப்பது என்பதில் அதற்கும் பங்கு இருக்கிறதாம். பொழுதை மாற்றி மாற்றிக் குழப்பினால் அந்த ஒழுங்கு கலையலாம் என்றாள். “எலிகள்லதான்ப்பா நெறயப் பாத்திருக்கோம். மனுசங்கள்ல இன்னும் பாக்கணும்” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஒரு மனிதர் என்னிடம் நேரில் வந்தே சொல்லியிருந்தார்.

அவர் இப்போது குரங்கணியில் இருக்கிறார். ஜீப்பில் போனேன். கணவனும் மனைவியும் வாசலில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். “அன்னைக்கு இவர் குடிக்கலம்மா. தெரிஞ்சேதான் பொய் எழுதினேன். முறை மாத்திப் போட்டு இவர் தூக்கத்தைக் கெடுத்தது நான்.”

அவர் துள்ளி எழுந்தார். “கேட்டியாடி! முப்பது வருசமா தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன், ஒருநாளாச்சும் நம்புனியா?”

“படிச்சவரு எழுதுனா பொய்யா இருக்குமான்னு நெனச்சேன்” என்றார் அந்த அம்மா, என்னைப் பார்க்காமல்.

உள்ளே போய் ஒரே ஒரு டம்ளர் காப்பியோடு வந்து கணவர் கையில் கொடுத்தார். “ஒங்களுக்கு இன்னைக்குக் கெடையாது சார்.”

அவர் என்னைப் பார்த்தபடியே, மடக்கு மடக்காக, வெகுநேரம் குடித்தார். கிளம்பும்போது ஜீப் வரை வந்து, “நாளைக்கு வாங்க சார், நான் பேசி வைக்கிறேன்” என்றார்.

மறுநாள் முதல் ஜீப்பிலேயே போனேன். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சர்க்கரை இல்லை. சொட்டு விடாமல் குடித்தேன்.