கிருமிக்குக் காவல் நின்ற ரத்தம்

நியூகாசிலில் ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகச் சளி பார்த்துவந்தாள் டோரீன் ஹெப்பிள். அருவருப்பு பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. நுரையீரலில் நாள்பட்ட தொற்று உள்ளவர்களின் பச்சைச் சளி, மூடியைத் திறந்ததும் அழுகிய திராட்சை போல இனிப்பாக நாறும்.

அதிலும் மோசம் ஸ்டான்லி ரெய்வ்லியின் குப்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய கிருமியை டோரீன் தன் சீரத்திலேயே விட்டுப் பார்த்தாள். ரத்தம் உறைந்தபின் பிரியும் அந்த மஞ்சள் நீர், மூன்று மணி நேரத்தில் கிருமியைக் கொன்றது. ரெய்வ்லியின் சொந்தச் சீரத்தில் ஒன்றும் சாகவில்லை. இரண்டு சீரத்தையும் கலந்து அதில் கிருமியை விட்டு வைத்தாள். மறுநாள் காலை தட்டு முழுக்க வழவழவென்று பச்சைப் படலம். குமட்டிக்கொண்டு வந்தது.

"அவர் ரத்தம் என் ரத்தத்தையும்ல சேத்துக் கெடுத்திருக்கு!"

"குழாயை மாத்தி வச்சிருப்பீங்க டோரீன், திங்கக்கிழமைதானே," என்றான் கூடத்தின் தலைவன் இயன்.

"நீ செஞ்சிருந்தா மாறியிருக்கும்."

மூன்று முறை திரும்பச் செய்தாள். அதே படலம். கிருமியை எதிர்க்க ரெய்வ்லியின் உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளே அளவு மீறிப்போய், கிருமியைப் போர்வையாக மூடிக் காத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் ரெய்வ்லி நேரே கூடத்துக்கு வந்துவிட்டார். "காட்டும்மா கண்ணு. என்னோடதுதானே?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டோரீன் மூடிய தட்டைத் தூக்கிப் பிடித்தாள். அவர் முகம் கோணியது.

"சீ! இந்தக் கருமத்தையா ஆறு வருஷமா நானே ஊட்டி வளத்தேன்?"

ஐந்து நாள் இயந்திரத்தில் அவருடைய ரத்தத்தைச் சுற்றவிட்டு அந்த எதிர்ப்புப் பொருளை வடித்தெடுத்தார்கள். அடுத்த வாரம் அவர் சீரத்தில் கிருமி செத்தது. டோரீன் தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. தினம் ஒரு கோப்பை வந்த சளி ஒரு கரண்டியானது. நாலைந்து மாதத்தில் அந்தப் பொருள் திரும்ப ஊறலாம், அப்போது மறுபடி வடிக்கலாம் என்றார் டாக்டர்.

ரெய்வ்லி தன் கையால் சுட்ட ரொட்டியில் பன்றிக்கறி வைத்துக் கொண்டுவந்தார். "இப்ப இருமல் இல்லாம மல்லாந்து படுத்துத் தூங்குறேம்மா. சாப்பிடு."

டோரீன் சிரித்து வாங்கிக்கொண்டாள். அவர் போனதும், அந்தக் கைகள் எத்தனை முறை வாயைப் பொத்தி இருமியிருக்கும் என்று தோன்றியது. பொட்டலத்தைப் பிரிக்காமலே குப்பையில் போட்டாள். பிறகு வெகுநேரம் கை கழுவினாள். இப்போது குமட்டியது அவரை நினைத்தல்ல.