பம்பு அறையின் சிவப்புப் பூட்டு

தரமணியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவருகிறேன். மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் போய் வருகிறேன். பத்து மாடிகளிலும் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவேண்டும். வந்துகொண்டிருக்கும்வரை அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது.

தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்புகள் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்தில் இருக்கின்றன. அவற்றை இயக்குகிறவர் ஒரு பெண்மணி. கிட்டத்தட்ட என் வயது. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். அங்கிருந்த வீடுகளை இடித்து ஊருக்கு வெளியே குடியமர்த்திய பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறார். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பாதுகாப்புப் பயிற்சியில் எங்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு கொடுத்திருந்தார்கள். பம்பில் கைவைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். என்னுடையது மேசை இழுப்பறையில் கிடந்தது. தவறாமல் பூட்டியவர் அந்த அம்மா மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, நின்றிருந்த பம்பு ஒன்று தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் தானாகச் சுழலத் தொடங்கியதை அவர் பார்த்திருக்கிறார். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவர் அதை மறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பம்பிலிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. இன்னொரு பம்பு ஏற்கெனவே பழுதுபார்க்கப் போயிருந்தது. மதிய உணவு நேரத்துக்குள் மேல்தொட்டி காலியாகிவிடும். நான் கீழே இறங்குவதற்குள் நிர்வாக அலுவலகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. அரைமணி நேர வேலைதானே என்று நினைத்தேன்.

வால்வுகளை மூடி, குழாயிலிருந்த அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, அந்த அம்மா பூட்டை எடுத்துக்கொண்டு படியேறக் கிளம்பினார். பம்புக்கான ப்ரேக்கர் சுவிட்ச் உள்ள மின்பலகை தரைத்தளத்தில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் காலையிலேயே அதை இறக்கியிருந்தார்.

"ப்ரேக்கரை இறக்கியாச்சே, போதாதா? நேரமாறது" என்றேன்.

"போதாது சார். ரெண்டு நிமிசத்துல வந்துர்றேன்."

அவர் திரும்பி வரும்வரை எரிச்சலோடு நின்றிருந்தேன். வந்தவர் சாவியைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். பிறகுதான் கப்ளிங்கின் இரும்பு மூடியைக் கழற்ற விட்டார்.

நட்டுகள் துருப்பிடித்திருந்தன. எதுவும் லேசில் அசையவில்லை. ஒருவழியாகப் பழைய ரப்பர்களை நெம்பி எடுத்துவிட்டு, கப்ளிங்கைக் கையால் சுற்றிச் சுற்றிப் புதியவற்றைப் பொருத்திக்கொண்டிருந்தேன். வலது கையின் நான்கு விரல்களும் உள்ளே இருந்தன. அப்போது எலெக்ட்ரீஷியன் மூச்சுவாங்கியபடி கதவருகே வந்து நின்றார்.

"சார், நீங்க சொன்ன மாதிரி பதினோரு மணிக்கு ஆன் பண்ணப் போனேன். மேல பூட்டு போட்டுக்கீது. இன்னா சார் பண்ணட்டும்?"

காலையில் அவரிடம் நான்தான் சொல்லியிருந்தேன்: பதினோரு மணிக்குள் முடித்துவிடுவேன், ஆன் பண்ணிவிடுங்கள் என்று. சொன்னது அடியோடு மறந்துபோயிருந்தது. அவ்வளவு கீழே போனில் சிக்னலும் கிடையாது.

விரல்களை வெளியே எடுத்தேன். "இன்னும் பத்து நிமிஷம்" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். மீதி நட்டுகளை அவரே முடுக்கினார். மூடியைத் திரும்ப மாட்டி, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூட்டைத் திறக்கப் போனார். பம்பு சத்தமில்லாமல் ஓடியது.

சாயங்காலம் பம்பு அறைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவருடைய கோணல்மாணலான எழுத்து: "11.05. ஆன் பண்ண வந்தாங்க. பூட்டு இருந்தது. ஆன் ஆகல." யார் சொல்லி வந்தார்கள் என்பது இல்லை. அந்தப் பதிவேடு வாராவாரம் மேலதிகாரியின் மேசைக்குப் போகும்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் என் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு ஸ்விட்சைப் போடச் சொன்னா?"

"யாரோ" என்றேன்.

அந்த அம்மாவை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும் என்றாள். சனிக்கிழமை காலை ஒரு டப்பா ரவா லாடோடு என்னுடன் தரமணிக்கு வந்தாள். கட்டட வாசலில் மரத்தடியில் அவளும் அந்த அம்மாவும் நின்று பேசினார்கள். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க மட்டும் பூட்டலேன்னா... நெனச்சாலே ஒடம்பு பதர்றது."

"அது என் வேலம்மா. அய்ரு கை மட்டும் இன்னா, யார் கையா இருந்தாலும் பூட்டியிருப்பேன்."

"ஆமா, யாரு போய் ஆன் பண்ணச் சொன்னது? அவாளைக் கேக்க வேண்டாமா?"

அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "அவசரத்துல யாராவது சொல்லியிருப்பாங்கம்மா. வுடுங்க" என்றார்.

எனக்காக அவர் இரண்டாவது முறையாக வாயை மூடிக்கொள்கிறார் என்று புரிந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். டப்பாவை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, அந்தக் கைகளைத் தன் இரு கைகளாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வேலை முடிந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். என் விரல்களைக் காப்பாற்றியதற்கு மட்டுமல்ல; என் தவறை நானே ஒப்புக்கொள்ள நாலு நாள் அவகாசம் கொடுத்தாரே, அதற்கும் நன்றி சொல்லவேண்டும். சொன்னால் வாங்கிக்கொள்கிறவர் இல்லை.

திங்கட்கிழமை பதிவேட்டில் அவர் எழுதிய வரிக்குக் கீழே எழுதினேன்: "ஆன் செய்யச் சொன்னது நான்தான். வேலை முடிந்ததா என்று பார்க்காமல் நேரத்தை வைத்துச் சொன்னது என் தவறு." கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார்.

"தேதி போடல சார்" என்றார்.

போட்டேன்.