குரங்குக்கு உறவுக்காரர்

பச்சைக் கச்சானை, அதுதான் நிலக்கடலையை, பிடுங்கும்போது ஈரமண்ணோடு சேர்ந்து வரும் பால்வாசம் இப்போதும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்புகிறது. சமாதான காலம் என்று சொல்லப்பட்ட அந்த வருடங்களில், கண்டாவளைப் பக்கம், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்களின் கச்சானைக் குரங்குகள் கூட்டமாக வந்து கிளறித் தின்னும். தகரம் தட்டலாம், கல்லெறியக் கூடாது. "அது ஆஞ்சநேயரின்ர பரம்பரையடா" என்று கோயில் மனேச்சர் கட்டளை போட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசல் மிதித்தவன் நான். பரிணாமப் பாடம் படித்த அன்று எனக்குக் கடவுள் மேல் பக்தி கூடியதே தவிரக் குறையவில்லை. கோடிக்கணக்கான வருடமாக, அவசரப்படாமல், ஒரு புழுவிலிருந்து தொடங்கி என்வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர், ஒரே நாளில் செய்து முடித்தவரைவிடப் பெரியவராகவே தெரிந்தார். இதைக் கூட்டாளிகளிடம் சொன்னேன். கதை மனேச்சரின் காதுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைப் பூசை முடிய மாணவர்கள் முறைவைத்துத் தேவாரம் பாடுவது வழக்கம். எங்கள் குடியிருப்பிலிருந்து முதல் ஆளாக எனக்கு அந்த முறை கிடைத்திருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்து முன்னால் நின்றார். நான் வாய் திறக்கு முன் மனேச்சர் கேட்டார்:

"என்ன தம்பி, நீ குரங்கிலயிருந்து வந்தனியாம்?"

"நான் மட்டுமில்லை ஐயா, எல்லாரும் ஒரே வழியிலதான் வந்தது. கடவுள் அப்பிடித்தான் படைச்சவர் எண்டு நினைக்கிறன்."

"உங்கட ஆக்கள் வந்திருப்பினம். நாங்கள் வரேல்லை. அது பொய்யெண்டு சொல்லிப்போட்டுப் பாடு."

சனம் சிரித்தது. குரங்கைக் கும்பிடலாம், எங்களை அதற்கு உறவென்றும் சொல்லலாம். அவர்களை எங்களுக்கு உறவென்று மட்டும் சொல்லக்கூடாது! நான் பொய்யென்று சொல்லவில்லை. அப்பாதான் கைகூப்பினார்: "மன்னிச்சிருங்க ஐயா, புள்ள தெரியாம பேசிருச்சு." வேறொரு பிள்ளை பாடியது. அம்மா வீட்டில், "இதுக்கா ஒன்னய படிக்கப் போட்டோம்?" என்று அழுதா. எனக்குக் கடவுளிலும் கோபமில்லை, பாடத்திலும் கோபமில்லை. இரண்டும் ஒன்றையே சொல்ல, நடுவில் நின்று மறித்த மனிதனில்தான்.

கடைசி யுத்தத்தில், கடற்கரை மணலில் நாங்கள் வெட்டிய பதுங்குகுழிக்குள் மனேச்சரின் குடும்பமும் வந்து ஒடுங்கியது. ஷெல் விழ விழ அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணை, கொஞ்சம் கஞ்சி தாங்கோ" என்றார். யார் எதிலிருந்து வந்தவர் என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

எங்கள் கச்சான் காணி இப்போது யாருடைய வேலிக்குள்ளோ கிடக்கிறது. கோயில் புதுக் கோபுரத்தோடு எழும்பிவிட்டது. அந்த "அண்ணை"யைத்தான் காணவில்லை. போன திருவிழாவில் மனேச்சர் கதிரையில் சாய்ந்திருந்தபடியே, "டேய் ராமையா, அந்த வாழைக்குலையை இறக்கு" என்றார்.

அறுபது வயது தாண்டிய என் அப்பா, "இந்தா வந்துட்டேங்க" என்று ஓடிப்போய் இறக்கினார்.